சாங்கியிலிருந்து நியூயார்க் 15,300 கி.மீ.: டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

பீடோக்வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 67, என்னோடு சிங்கப்பூரில் இருக்கிறார். தங்கை நியூஜெர்சி எடிசனில் இருக்கிறாள், அவளுக்கு அக்டோபரில் பிரசவம். அதனால் அம்மாவைச் செப்டம்பர் கடைசி வாரம் அனுப்புகிறோம், பொங்கலை ஒட்டித் திரும்புவார். தனியாகத்தான் போகிறார். இதற்குமுன் சிங்கப்பூர் - திருச்சி தவிர வேறெங்கும் பறந்ததில்லை, அது நாலு மணி நேரம்தான்.

நடுவில் இறங்கி ஏறுவது அவருக்குச் சிரமம் என்பதால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்திலேயே போட்டுவிட்டோம். போவது நெவார்க், திரும்புவது ஜேஎஃப்கேயிலிருந்து, இரண்டுமே நியூயார்க் பக்கத்து விமான நிலையங்கள். இப்போது டிக்கெட்டைப் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. போகும்போது இரவு 11.35க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.15க்கு இறங்குகிறது. அப்படியானால் 6 மணி 40 நிமிடம்தானே வருகிறது? திரும்பும்போது வெள்ளி இரவு 10.30க்குக் கிளம்பி ஞாயிறு காலை 6.20க்கு வருகிறது. அது 32 மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. நேர வித்தியாசம் இருக்கிறது என்று தெரியும், ஆனால் எதைக் கூட்டுவது எதைக் கழிப்பது என்று பிடிபடவில்லை. முன்பதிவு செய்த இடத்தில் ஒன்றுக்கு 18.40, இன்னொன்றுக்கு 18.50 என்று போட்டிருக்கிறது. ஒரே தூரத்துக்கு ஏன் இரண்டு நேரம்?

இன்னொன்று. வரைபடத்தில் கோடு போட்டால் இந்தியா, ஐரோப்பா, அட்லாண்டிக் என்றுதான் போகிறது. ஆனால் போன வாரம் அந்த விமானத்தை நேரலையில் பார்த்தபோது அது ஜப்பான் பக்கம் போய் அலாஸ்காவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இது சுற்று வழி இல்லையா?

நான் இவ்வளவு கேட்பதற்குக் காரணம், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. இரவில் ஒரு இன்சுலின் ஊசி, காலையும் இரவும் மாத்திரை. உண்மையில் எத்தனை மணி நேரம் அவர் விமானத்துக்குள் இருப்பார் என்று சரியாகத் தெரிந்தால்தான் ஊசி நேரத்தை எழுதிக் கொடுக்க முடியும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலவானம்:

சகோ, முதலில் நேரக் கணக்கு. இரண்டு ஊர் கடிகாரத்தையும் கலந்து பார்த்தால் ஒருநாளும் சரியாக வராது. சிங்கப்பூர் நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் நியூயார்க் பக்கம் கோடைக்கால நேரம் நடக்கும். அப்போது சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 6.15 என்றால் இங்கே மாலை 6.15. நீங்கள் முதல்நாள் இரவு 11.35க்கு ஏற்றிவிட்டால் மறுநாள் மாலை 6.15க்கு இறங்குகிறார். எண்ணிப் பாருங்கள், 18 மணி 40 நிமிடம்.

திரும்பும்போது ஜனவரி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், சிங்கப்பூரில் அந்த வழக்கமே கிடையாது. அதனால் வித்தியாசம் 13 மணி நேரமாகிவிடும். வெள்ளி இரவு 10.30 என்பது நமக்குச் சனி காலை 11.30. அங்கிருந்து ஞாயிறு காலை 6.20 வரை 18 மணி 50 நிமிடம். தப்பே இல்லை. தங்கைக்குத் தொலைபேசியில் பேசும்போதும் நவம்பருக்குப் பிறகு இந்த ஒரு மணி நேரம் இடிக்கும், கவனம்.

டிக்கெட்டில் போடுவது வாயிலிலிருந்து கிளம்பி வாயிலில் போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு இடம் கிடைக்கும்வரை நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம், தாமதத்துக்கென்று கொஞ்சம் தாராளமாகவும் வைப்பார்கள். ஆகாயத்தில் இருப்பது பெரும்பாலும் 18 மணி நேரத்தை ஒட்டித்தான். காற்று நன்றாக இருந்தால் அதற்கும் குறையும். அம்மா இறங்கிவிட்டாரா என்று தங்கை பார்க்கும்போது முக்கால் மணி முன்னதாகவே வந்துவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம், சீக்கிரம் கிளம்பி வரச் சொல்லுங்கள்.

பீடோக்வாசி:

நன்றி, நவம்பர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டுக்கும் 12 மணி நேரம்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அந்த அலாஸ்கா கதையை யாராவது சொல்லுங்கள்.

உருண்டைப் பூமி:

நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன், இந்தத் தடம் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை மூடிவிட்டு ஓர் உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுங்கள். தட்டையான படத்தில் நேராகத் தெரியும் கோடு உருண்டையில் குறுகிய வழி கிடையாது. நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடித்தால் அது எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். வடதுருவத்தின் மேல்!

காரணம் எளிது. சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74 டிகிரி. இரண்டையும் கூட்டினால் 178. பாதிப் பூமி 180. அதாவது இரண்டு ஊரும் பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏறக்குறைய எதிரெதிரே இருக்கின்றன. அப்படி இருந்தால் குறுக்கு வழி துருவத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகும். இங்கிருந்து நேர் வடக்கே தாய்லாந்து, சீனாவின் செங்டு பக்கம், மங்கோலியா, சைபீரியா, துருவம், அப்புறம் கனடாவின் எல்ஸ்மியர் தீவு, பாஃபின் தீவு, க்யூபெக், நியூயார்க்.

தூரத்தையும் நாமே போடலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 டிகிரி, அங்கிருந்து துருவத்துக்கு 88.6 டிகிரி. நியூயார்க் 40.6 டிகிரி, துருவத்திலிருந்து இறங்கினால் 49.4. மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,345 வருகிறது. விமானத் தூரப் பட்டியலில் ஜேஎஃப்கேக்கு 15,349 என்று இருக்கும், நெவார்க்குக்கு அதில் ஐந்து கி.மீ. குறைவு. ஒரு தாளில் போட்ட கணக்கு இவ்வளவு நெருக்கமாக வருவதைப் பார்த்து வகுப்பில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சரி, குறுக்கு வழி துருவம் என்றால் ஏன் ஜப்பான் பக்கம் போகிறது? காற்றுக்காக. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஜப்பானுக்கு மேலும் வட பசிபிக்கிலும் அது வெகு பலமாக வீசும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம். அம்மா ஏறும் ஏ350 ரக விமானம் தன் போக்கில் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. போகும். பின்னாலிருந்து மணிக்கு 200 கி.மீ. காற்று ஐந்து மணி நேரம் தள்ளினால் ஆயிரம் கி.மீ. சும்மா கிடைத்த மாதிரி. அதனால் தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடினாலும் பசிபிக் வழி நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது. நீங்கள் சுற்று வழி என்று நினைத்ததுதான் விமானிக்குக் குறுக்கு வழி. 2022க்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வழியைத் தவிர்ப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் அழகான விஷயம் திரும்பும் வழி. பல நாட்களில் அங்கிருந்து கிளம்பும்போதும் கிழக்கு நோக்கியே அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா, ஆசியா என்று வருவார்கள், அதே மேற்குக் காற்று பின்னால் இருக்கும் என்பதால். அப்படி அமைந்தால் உங்கள் அம்மா உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் ஆகிறார். வீட்டுக்கு வந்ததும் சொல்லுங்கள், என் மாணவர்களின் தாய்மார்களில் ஒருவருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை.

அம்மாவுக்கு ஜன்னல் இருக்கையா? செப்டம்பர் கடைசி என்றால் கிளம்பி ஐந்து மணி நேரம் போல ஆனதும் ஜப்பானைத் தாண்டும் வேளையில் விடியும். ஆறேழு மணி நேரத்தில் அலாஸ்கா பக்கம் மறுபடி இருட்டிவிடும். இறங்கும்போது அங்கே விடிகாலை. ஒரே பயணத்தில் இரண்டு இரவும் நடுவில் ஒரு குட்டைப் பகலும். அது தெரியாமல் போனால் பொழுது பார்த்து மருந்து சாப்பிடுபவர்களுக்குக் குழம்பும், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸ் 31:

ஐயா சொன்ன கடைசி வரி மிக முக்கியம். நான் இரண்டு வருடம் முன்பு என் அம்மாவோடு இதே தடத்தில் போனேன். அவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும்.

எங்கள் மருத்துவர் செய்தது இதுதான். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே டிக்கெட்டைக் காட்டினோம். விமானத்தில் இருக்கும்வரை கையில் ஒரு கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கட்டும், இறங்கிய பிறகு எந்த நாளில் எந்த வேளை மாற்றுவது என்று நான் எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் தந்தார், எந்த மணிக்கு எந்த மாத்திரை, சாப்பாடு தாமதமானால் என்ன செய்வது என்பது உட்பட. அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அந்தத் தாளில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், தயவுசெய்து நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். அம்மா தமிழ் மட்டும் படிப்பார் என்றால் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கைப்பையில் வையுங்கள்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறைக் குளிரில் உறைந்துபோனால் அது வேலை செய்யாது. ஊசி, மருந்து, மருத்துவர் கடிதம் மூன்றும் கைப்பையில். மாத்திரை இரண்டு மடங்கு நாளுக்கு. குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும்.

அப்புறம் கால். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது, இது 18. அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி நடக்க வைத்தேன், திட்டினார், ஆனாலும் நடந்தார். தனியாகப் போகிறவரை யார் எழுப்புவார்கள்? பணிப்பெண்ணிடம் சொல்லி வைக்கலாம், அல்லது அவர் கடிகாரத்திலேயே மணி வைத்துவிடுங்கள். அழுத்தக் காலுறை போடலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள், எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

இருக்கை: இந்த விமானத்தில் சாதாரண எகானமியே கிடையாது. பிரீமியம் எகானமி 94, பிசினஸ் 67, மொத்தம் 161 பேர்தான். பிரீமியத்தில் 2-4-2 வரிசை, கடைசி மூன்று வரிசையில் மட்டும் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை இருக்கிறது. அடிக்கடி கழிவறை போக வேண்டியவருக்கு அந்த ஒற்றை இருக்கை அல்லது நடைபாதை ஓரம். ஜன்னல் ஆசை இருந்தாலும் பக்கத்து ஆளைத் தாண்டிப் போகத் தயங்கி, தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுவார்கள் நம் அம்மாக்கள். என் அம்மா முதல் ஆறு மணி நேரம் அப்படித்தான் இருந்தார், பிறகுதான் கண்டுபிடித்தேன்.

நீலவானம்:

161 பேர் மட்டும் ஏன் என்று சிலர் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இது ஏ350-900 ரகத்திலேயே நீண்ட தூரத்துக்கென்று மாற்றியமைத்தது. இது வந்த 2018இல் சாதாரண ஏ350-900 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடித்தது, இது 1,65,000 லிட்டர். கிளம்பும்போது உச்ச எடை 280 டன், தொட்டி நிறைந்தால் அதில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருள்தான். தூரம் கூடக் கூட, எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகிறது. ஆளைக் குறைக்காமல் முடியாது.

இதே தடத்தை 2004இல் நான்கு இயந்திரம் உள்ள ஏ340-500 வைத்துத் தொடங்கினார்கள், எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். 2018 அக்டோபரில் இரண்டு இயந்திர ஏ350 வந்த பிறகுதான் நெவார்க்குக்கு மறுபடி நேரடிப் பயணம், ஜேஎஃப்கேக்கு 2020 நவம்பரில். பெரியவர்களுக்கு ஒரு நல்ல விஷயம், ஏ350 உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது, பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். தலைவலி, சோர்வு கொஞ்சம் குறையும்.

தெம்பனிஸ் தமிழன்:

பணம் ஒரு பிரச்சினை என்றால் ஃபிராங்ஃபர்ட் வழியையும் பார்த்திருக்கலாம். இங்கிருந்து அங்கே 10,300 கி.மீ., அங்கிருந்து ஜேஎஃப்கே 6,200, கூட்டினால் நேர்வழியைவிட ஆயிரத்துச் சொச்சம் கி.மீ.தான் அதிகம். மொத்தம் 24 மணி நேரத்தை ஒட்டி ஆகும், எகானமி இருக்கை கிடைக்கும், நடுவில் இறங்கிக் கால் நீட்டலாம். தனியாகப் போகும் பெரியவருக்கு நான் சொல்ல மாட்டேன், நீங்கள் எடுத்ததே சரி. சான் பிரான்சிஸ்கோ வழி மட்டும் வேண்டாம், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவு முடித்துப் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும், தெரிந்தவர்களே அங்கே திணறுகிறார்கள்.

ஜெர்சி அக்கா:

தம்பி, போகும்போது நெவார்க் எடுத்தது ரொம்ப நல்லது. எடிசனுக்கு 30 கி.மீ.தான், அந்தக் காலை நேரத்தில் அரை மணியில் வந்துவிடலாம். திரும்பும்போது ஜேஎஃப்கே என்பதால் தங்கையிடம் சொல்லி வையுங்கள், வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். இரவு 10.30 விமானத்துக்கு நான் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவேன். கைக்குழந்தையோடு அவள் வர வேண்டாம், மாப்பிள்ளை மட்டும் வரட்டும்.

சக்கர நாற்காலி இரண்டு நாள் முன்பாவது கேட்டுவிடுங்கள். நடக்க முடிகிறவராக இருந்தாலும் கேளுங்கள், 18 மணி நேரம் கழித்துக் குடிநுழைவு வரிசையில் நிற்பது வேறு. அவரைத் தள்ளிக்கொண்டு போகிறவர் பெட்டி எடுக்கவும் உதவுவார். தங்கையின் முகவரி, தொலைபேசி எண், திரும்பும் டிக்கெட் மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கடவுச்சீட்டோடு வையுங்கள், அதிகாரி கேட்டால் எடுத்து நீட்டினால் போதும்.

கறிவேப்பிலை மட்டும் கட்டிக் கொடுக்காதீர்கள்! எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையிலும் வரும் என்பதால் உள்ளே விடமாட்டார்கள். எடிசனில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பிரசவ மருந்துப் பொடி கொண்டுவந்தால் பெயர் ஒட்டிக் கொண்டுவரட்டும், கேட்டால் மறைக்காமல் சொல்லட்டும்.

பீடோக்வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை அம்மாவிடம் உருண்டையில் நூல் வைத்துக் காட்டினேன், மகன் பள்ளிக்கு வாங்கிய சின்ன உருண்டைதான், அதிலும் நூல் துருவத்தைத் தொட்டது. அவ்வளவு குளிரிலா போகப் போகிறேன் என்று கேட்டார், உள்ளே குளிராது, ஒரு சால்வை போதும் என்றேன்.

ஜன்னலோரம் இருந்த இருக்கையை நடைபாதை ஓரத்துக்கு மாற்றிவிட்டேன், கடைசி மூன்று வரிசை ஒற்றை இருக்கைகள் எல்லாம் போய்விட்டன. வரும் செவ்வாய் மருத்துவரைப் பார்க்கிறோம், 18 மணி 40, 18 மணி 50 என்று இரண்டையும் சிங்கப்பூர் நேரத்தில் எழுதி எடுத்துப் போகிறேன். அப்பாவின் பழைய கைக்கடிகாரம் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதற்கு மின்கலம் மாற்றி இந்த ஊர் நேரத்தில் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

உட்லண்ட்ஸ் 31, ஒரே ஒரு கேள்வி: சாப்பாடு எத்தனை முறை வரும், சைவம் சொல்லி வைத்தால் நேரத்துக்குக் கொடுப்பார்களா?

உட்லண்ட்ஸ் 31:

எங்களுக்கு இரண்டு முழுச் சாப்பாடும் நடுவில் ஒரு சிற்றுண்டியும் வந்தது, இடையில் கேட்டால் ஏதாவது தருவார்கள். இந்திய சைவம் என்று ஒரு நாளாவது முன்பு பதிவு செய்துவிடுங்கள், தனிச் சாப்பாடு என்பதால் மற்றவர்களுக்கு முன்னதாகவே வந்துவிடும். ஆனால் கிளம்பிய உடனே வரும் சாப்பாடு நள்ளிரவு தாண்டித்தான் வரும். அம்மா வழக்கமாக எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஊசி போடுகிறவர் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டு ஏறட்டும், இதையும் செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சப்பாத்தி சுருட்டிக் கைப்பையில் வையுங்கள், இறங்குவதற்கு முன் தின்று முடித்துவிட வேண்டும்.